இக்னேசியஸ் ஒன்றியத்தின் முப்பத்திரண்டாவது பொருள்

என் அப்பா இக்னேசியஸ், இக்னேசியஸ் அல்ல என்று அறிவிக்கும் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை ரொறன்ரோவில், ரூஜ் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தது. தடித்த தாள், பொன்னிற ஓரம். தலைப்பில் ஒரு சின்னம்: இரண்டு சிங்கங்கள், நடுவில் தீச்சுவாலை, கீழே இலத்தீனில் ஒரு வரி. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று ஒன்றியத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன்.

‘அன்புள்ள உறுப்பினர் திரு. மரியோ இக்னேசியஸ் அவர்களுக்கு’ என்று தொடங்கியிருந்தது. ‘அகில உலக இக்னேசியஸ் ஒன்றியத்தின் சேமக்காலைத் திடலில், தங்கள் தாயார் அமரர் வேரோனிக்கா இக்னேசியஸ் அவர்களின் பக்கத்துக் குழியைத் தங்கள் தந்தையாருக்கு வழங்க முடியாமைக்கு வருந்துகிறோம். அவருடைய குடும்பப் பெயர் நீக்கிலாப்பிள்ளை என்று எமது ஆய்வில் தெரியவந்துள்ளது. இக்னேசியஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர் மட்டுமே. இப்படிக்கு, தலைவர் லெஸ்லி இக்னேசியஸ்.’

சொந்தப் பெயர் மட்டுமே! அடுப்படியில் நின்றபடி மூன்று தரம் வாசித்தேன்.

“ஆரிட்ட இருந்து?” என்றாள் என் மனைவி நிரோஷினி.

“ஒன்றியத்திட்ட இருந்து. அப்பா இக்னேசியஸ் இல்லையாம்.”

“அப்ப எண்பத்தாறு வருசமா இக்னேசியஸ் எண்டு கூப்பிடத் திரும்பிப் பாத்த மனிசன் ஆராம்?”

சத்தமாகச் சொல்லிவிட்டாள். பக்கத்து அறையில் கட்டிலில் கிடந்த அப்பா இருமினார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவரே சொல்லி வீட்டுக்கு வந்து பத்து நாள். டொக்டர் கிழமைக் கணக்கில்தான் பேசினார். அப்பா ஒவ்வொரு காலையும் கண்ணைத் திறந்தவுடன் ஒரே கேள்விதான் கேட்பார்.

“அம்மாவுக்குப் பக்கத்தில தானே, மோனை?”

“ஓமப்பா” என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா செத்து மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் அவர் அந்த இடத்தை நினைத்துத்தான் நிம்மதியாக இருந்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சனத்துக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளையின் பெயருக்கு முன்னால் அப்பன் பெயர், பெண்சாதியின் பெயரோடு புருசன் பெயர், அவ்வளவுதான். கனடாவில் வந்து இறங்கினால் ஒவ்வொரு படிவத்திலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. வெறுமையாக விட்டால் கவுண்டரில் இருக்கும் பெண் திருப்பித் தருகிறாள். ஆகவே அம்மாவும் நானும் அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதி இக்னேசியஸ் ஆனோம். அப்பா தன் அப்பனின் பெயரை எழுதி நீக்கிலாப்பிள்ளை ஆனார். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டுதான் இதையெல்லாம் ஆனோம்.

அப்பா யூலை முப்பத்தோராம் திகதி பிறந்தவர். பேசாலையில் ஞானஸ்நானம் கொடுத்த சுவாமி கலண்டரைப் பார்த்து அன்றைய புனிதரின் பெயரை வைத்துவிட்டார். மன்னாரிலும் தீவுப்பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தத் திகதியை ஒட்டிப் பிறந்த ஆண்பிள்ளைகள் கொஞ்சநஞ்சமா? அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் ரொறன்ரோவில் இக்னேசியஸ் ஆகிவிட்டார்கள். ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள், அவ்வளவுதான்.

அந்த பஸ்ஸுக்குத்தான் லெஸ்லி இக்னேசியஸ் ஒன்றியம் அமைத்தார். முன்பு கார் காப்புறுதி விற்றவர். ஒருநாள் தன் பெயரை இன்டர்நெட்டில் தேடிப் பார்த்திருக்கிறார். அது இலத்தீன் என்று கண்டதும் மனிதருக்குத் தலை கால் தெரியவில்லை. அடுத்த மாதமே நூற்று அறுபது உறுப்பினர், நாற்பத்தொரு பேர் கொண்ட நிர்வாகசபை, யாப்பு, சின்னம், பதக்கம். ‘அகில உலக’ என்று பெயரில் போட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க ஆட்களைத் தேட யாருக்கு நேரம்? ஆகவே பொருட்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இக்னேசியஸ் என்ற பெயரில் எது அகப்பட்டாலும் பெயரேட்டில் ஏற்றினார்கள். ஒரு பல் கிளினிக். ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெயர் வைத்த பனி வழிக்கும் லொறி. கரையைத் தொடாமலே அடங்கிப்போன ஒரு புயல். ஓர் ஆமை. மொத்தம் முப்பத்தொரு பொருள்.

அம்மாவின் பெட்டியைப் பார்வைக்கு வைத்திருந்தபோது லெஸ்லி மலர்வளையத்தோடு வந்தார். மலர்வளையத்துக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் செருகியிருந்தது. ஒன்றியத்துக்கென்று பிக்கரிங் பக்கம் சேமக்காலையில் ஒரு திடல் எடுத்திருக்கிறார்களாம், இக்னேசியஸ் எல்லாரும் ஒரே இடத்தில் உயிர்த்தெழலாமாம். அழுத களைப்பில் இரண்டு குழி பதிந்தேன். ஒன்று அம்மாவுக்கு, மற்றது ‘துணைவருக்கு’. அந்தக் களைப்புக்காக என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும்.

சனிக்கிழமை, மிசிசாகாவில் விமானநிலையச் சரக்கு வேலை முடித்த கையோடு மில்லிக்கனுக்கு ஓடினேன். ஒன்றியத்தின் ‘தலைமைச் செயலகம்’ ஒரு பிளாசாவில், புடவைக் கடைக்கும் சிற்றுண்டிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. மேசையில் செயலாளர் றெபேக்கா இக்னேசியஸ். பக்கத்தில் ஒரு மெல்லிய இளைஞன், ஜெனாட் இக்னேசியஸ். அவனுடைய மார்பு அட்டையில் ‘பணிப்பாளர், பொருட்கள் பிரிவு’ என்று இருந்தது.

றெபேக்கா கொம்பியூட்டரைப் பார்த்தாள். “அண்ணை, உங்கட அம்மா ஃபுல் மெம்பர். நூற்றிப் பதினாலு. நீங்கள் ஃபுல் மெம்பர். உங்கட அப்பா ஆரெண்டு தான் எங்களுக்குத் தெரியேல்ல.”

“பிள்ளை, அவற்ற பேர் தான் எங்கட பேர்.”

“அதைத் தானே அண்ணை நானும் சொல்லுறன். பேரை உங்களுக்குத் தந்திட்டார். இப்ப அவரிட்ட இல்லை.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவளுக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை.

உள்ளறையிலிருந்து லெஸ்லி வந்தார். கோட்டில் சிங்கச் சின்னம், கழுத்தில் பட்டி, பட்டியில் ஒரு பதக்கம். சனிக்கிழமை மத்தியானம், அறையில் நாங்கள் நான்கு பேர்.

“தம்பி மரியோ! அப்பா எப்பிடி?”

“சாகக் கிடக்கிறார், அண்ணை.”

“நல்லது, நல்லது. நேரம் இருக்கு” என்றார். “இஞ்ச பாரும், எனக்கு உங்கட அப்பாவில ஒரு கோபமும் இல்லை. ஆனா விதியை வளைச்சா நாளைக்கு என்ன நடக்கும்? இக்னேசியஸ் எண்டு முன்பேர் வைச்ச எல்லாரும் வந்து நிப்பாங்கள். பிறகு எங்கட பேருக்கு என்ன மரியாதை?”

“அவையள் எல்லாம் எங்கட தகப்பன்மார் தானே, அண்ணை.”

“தகப்பன்மார் வேற, வம்சம் வேற” என்றார் லெஸ்லி. “ஒரு வழி இருக்கு. குடும்பப் பெயரைச் சட்டப்படி மாத்தச் சொல்லும். இக்னேசியஸ் இக்னேசியஸ். சொல்லிப் பாரும், என்ன கம்பீரம்!”

படிவத்தை அவரே எடுத்துத் தந்தார். கிழித்து எறிந்திருக்கவேண்டும். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அப்பா நாட்களை எண்ணிக்கொண்டு கிடக்கிறார். அந்த நேரத்தில் ரோசம் பார்க்க என்னால் முடியவில்லை.

வீட்டில் நிரோஷினி அப்பாவுக்கு ஐஸ்துண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மெல்ல மெல்ல விசயத்தைச் சொன்னேன். கடைசியில் படிவத்தை நீட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டு அதை நெடுநேரம் பார்த்தார்.

“இதில என்ர அப்புவின்ர பேர் எங்க?”

“அதை எடுத்துப்போட்டு, அப்பா, உங்கட பேரையே ரெண்டாந்தரம்...”

“அப்ப எனக்கு நானே அப்பனோ?”

படிவத்தை என் கையில் திருப்பித் தந்தார்.

“மோனை, நான் பிறந்து எட்டாம் மாசம் அந்தாள் கடலுக்குப் போய்த் திரும்பேல்ல. படமும் இல்லை. அந்தாளின்ரை எண்டு என்னட்ட இருக்கிறது இந்தப் பேர் ஒண்டு தான். அதையும் வெட்டிப்போட்டோ நான் சாகிறது?”

“மாட்டன் எண்டா அம்மாவுக்குப் பக்கத்தில விடமாட்டினமாம், அப்பா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். மடித்ததை மறுபடி விரித்தார். ஐம்பத்தெட்டு வருடம் அம்மாவோடு ஒரு நாள் சண்டை, ஒரு நாள் சமாதானம் என்று வாழ்ந்த மனிதர். அம்மா இல்லாத வீட்டில் தேத்தண்ணிக்கு இன்னும் இரண்டு கோப்பை எடுத்து வைப்பார்.

“ரெண்டும் வேணும் எனக்கு” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அடுத்த நாள் காலை அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றியத்தின் ஆண்டுப் பெருவிழா. ‘சபையில் கேட்கலாம், சபைக்கே உச்ச அதிகாரம்’ என்று றெபேக்கா சொல்லியிருந்தாள். நிரோஷினி அப்பாவோடு நிற்க, நான் தனியாகப் போனேன்.

மண்டபம் நிறைய இக்னேசியஸ். வரவேற்புரை பதினொன்று. ஒவ்வொரு வரவேற்புரையும் முந்திய வரவேற்புரையை வரவேற்றது. பிறகு கௌரவிப்பு. பனி வழிக்கும் லொறி வரமுடியாத காரணத்தால் அதன் படத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புயலின் சார்பில் வானிலை வரைபடம் ஒன்று மாலையைப் பெற்றுக்கொண்டது. ஆமை நேரிலேயே வந்திருந்தது. அதற்குப் போர்த்திய பொன்னாடைக்குள் அது தலையை இழுத்துக்கொண்டது. அன்று அந்த மண்டபத்தில் வெட்கம் இருந்த ஒரே உயிர் அதுதான்.

அதற்குப் பிறகு குதிரை. நயாகரா பக்கம் பண்ணை வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்கார உறுப்பினரின் குதிரை, பெயர் இக்னேசியஸ், பத்தொன்பதாம் பொருள். போன வருடம் செத்துப்போனது. அதன் சாம்பலை ஒன்றியத்தின் திடலில் புதைத்திருக்கிறார்கள் என்பதைத் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். பளிங்குக் கல், கல்லில் குதிரைத் தலை. படத்தின் ஓரத்தில் அம்மாவின் சிலுவை தெரிந்தது. அம்மாவுக்கும் குதிரைக்கும் நடுவில் வெறும் புல். அந்தப் புல்தான் என் அப்பா கேட்ட இடம்.

ஜெனாட் எழுந்து அதற்கான விதியைப் பெருமையோடு வாசித்தான். “விதி நாற்பத்து மூன்று. உறுப்பினர் ஒருவர் தமக்குச் சொந்தமான பொருளைத் தமக்கு ஒதுக்கப்பட்ட குழிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய உரிமையுடையவர்.” சனம் கைதட்டியது.

லெஸ்லி தலைமையுரைக்கு எழுந்தார். “இக்னேசியஸ் என்றால் இலத்தீனில் நெருப்பு! ரோமாபுரி பற்றி எரிந்தபோது அந்த நெருப்பிலே எங்கள் பெயர் இருந்தது. சிலர் கேட்கிறார்கள், நீங்கள் ஒரே ஊரா என்று. இல்லை. ஒரே இரத்தமா? இல்லை. ஒருவரை ஒருவர் முன்பின் தெரியுமா? தெரியாது. உண்மையைச் சொன்னால் எங்களுக்குள் எந்தத் தொடர்பும் கிடையாது. அதனால்தான் எங்களைப் பிரிக்க ஒருவராலும் முடியாது!”

கைதட்டல் ஓய்ந்ததும் நான் எழுந்து மைக்கைக் கேட்டேன். தந்தார்கள்.

“லெஸ்லி அண்ணை, ஒரு கேள்வி. உங்கட அப்பாவின்ர பேர் என்ன?”

“இக்னேசியஸ். அது ஊருக்கே தெரியும்.”

“அவற்ற குடும்பப் பெயர்?”

“சந்தியாப்பிள்ளை.”

“அவர் செத்தாப்பிறகு எங்க தாட்டனீங்கள்?”

மண்டபம் கொஞ்சம் அடங்கியது. நான் அவரை மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். மடையன் நான். லெஸ்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

“எங்கட அப்பா விதிக்குக் கட்டுப்பட்டவர், தம்பி. ஒரு கேள்வி கேட்டதில்லை. றோட்டுக்கு அங்கால, பொதுப் பகுதியில தாட்டிருக்கு. நான் திடலுக்கு வாற நேரமெல்லாம் காருக்குள்ள இருந்து கையைக் காட்டிப்போட்டுத் தான் வாறனான். பெத்த தகப்பனையே வெளியில வைச்சு இந்தப் பேரின்ர தூய்மையைக் காத்தவன் நான்!”

சனம் எழுந்து நின்று கைதட்டியது. சீ என்று இருந்தது. ஒவ்வொருவனுக்கும் ஒரு இக்னேசியஸ் அப்பன் இருந்திருப்பான், எங்கோ றோட்டுக்கு அங்கால், அல்லது பேஸ்மென்ட் அறையில். ஆனாலும் ஒருவன்கூடக் கதிரையை விட்டு எழாமல் இருக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் கண்ணீர் விட்டாள். மைக்கை ஆமையின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கார்த் தரிப்பிடத்தில் நிற்கும்போது நிரோஷினி போன் எடுத்தாள்.

“இஞ்சருங்கோ, மாமா எங்களை விட்டுப் போட்டார்” என்றாள். “கடைசியா அன்ரியின்ர பேரைத் தான் சொன்னவர்.” நிரோஷினி என் அம்மாவை அன்ரி என்றுதான் கூப்பிடுவாள்.

அழக்கூட நேரமில்லை. வியாழக்கிழமை அடக்கம் என்று முடிவாகியது. செவ்வாய் வரைக்கும் நான் ஒன்றியத்துக்கு எடுத்த போன்களுக்குக் கணக்கில்லை. லெஸ்லி ‘ஆழ்ந்த அனுதாபம்’ என்று செய்தி அனுப்பினார், சின்னத்தோடு. சேமக்காலைக் கந்தோரில் இருந்த அலுவலரிடம் கேட்டேன். திடல் ஒன்றியத்தின் பெயரில் இருக்கிறது, அவர்கள் கையொப்பம் இல்லாமல் ஒரு மண்வெட்டியும் விழாது என்றார்கள். அம்மாவைத் தோண்டியெடுத்து வேறு இடத்தில் இருவரையும் வைக்கலாமா என்றுகூட யோசித்தோம். அதற்கும் ஒன்றியத்தின் அனுமதி வேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஜெனாட் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரை நுனியில் இருந்தான்.

“அண்ணை, நான் யோசிச்சனான். உங்கட அப்பா உயிரோட இருக்கேக்க ஆள். ஆளெண்டா குடும்பப் பெயர் வேணும். இப்ப ஆள் இல்லை தானே. பொருளுக்குக் குடும்பப் பெயர் தேவையில்லை. பேர் இக்னேசியஸ் எண்டு இருந்தாக் காணும்.”

நிரோஷினி கோப்பித் தட்டோடு அப்படியே நின்றாள்.

“டேய், என்ன சொல்லுறாய்?” என்றேன்.

“குறை நினையாதேங்கோ. குதிரைக்கு அப்பிடித் தான் செய்தது. லெஸ்லி அண்ணையும் ஓமெண்டிட்டார். யாப்புக்கு ஒரு பங்கமும் இல்லையாம்.” பொருட்களைப் பதியும் படிவம் ஒன்றை நீட்டினான்.

அவன் நல்லது செய்வதாகத்தான் நினைத்து வந்திருந்தான். இருந்தும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளக் கை உன்னியது. நிரோஷினி தட்டை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டாள்.

“நிரப்புங்கோ” என்றாள். “மாமா பேரையும் விடேல்ல. இடத்தையும் விடவேண்டாம். உவங்கள் என்னெண்டு எழுதினா எங்களுக்கென்ன?”

அவனிடம் பேனையை வாங்கினேன். ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். ஜெனாட் எட்டிப் பார்க்கவில்லை, அந்த மட்டில் அவன் மரியாதைக்காரன்.

வியாழக்கிழமை சேமக்காலையில் சுவாமி செபம் முடித்து, தீர்த்தம் தெளித்துக் குழியை மந்திரித்தார். பெட்டி குழிக்கு மேல் பட்டிகளில் இருந்தது. இடது பக்கம் அம்மா, வலது பக்கம் குதிரை. லெஸ்லி முழு நிர்வாகசபையோடு வந்திருந்தார். மைக்கும் ஸ்பீக்கரும் கொண்டுவந்திருந்தார்கள். பெட்டிக்கு மேல் பொன்னாடை போர்த்தி, ‘பொருள் 32’ என்று பொறித்த ஒரு சிறிய தகட்டையும் வைத்துப் படம் எடுத்தார்கள். லெஸ்லி பெட்டியில் கை வைத்தபடி ஒரு படம், கை எடுத்த பிறகு ஒரு படம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“யாப்பின்படி” என்றார் லெஸ்லி, “பொருளை ஏற்கும் முன் படிவத்தைச் சபையில் வாசிக்கவேண்டும்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருங்குரலில் தொடங்கினார்.

“பொருளின் பெயர்: இக்னேசியஸ். வகை: ஊர்தியோ கட்டடமோ விலங்கோ அல்ல, ஏனையவை. இயங்கும் நிலையில் உள்ளதா: இல்லை. உருவாக்கியவர்...” கொஞ்சம் தயங்கினார். ஆனால் எழுதியிருப்பதை வாசிக்கவேண்டும் என்பது அவரே எழுதிய விதி. “உருவாக்கியவர்: நீக்கிலாப்பிள்ளை.”

அந்தப் பெயர் ஒன்றியத்தின் ஸ்பீக்கரில், ஒன்றியத்தின் திடல் முழுக்கக் கேட்டது. றோட்டுக்கு அங்காலும் கேட்டிருக்கும்.

“பயன்பாடு: எங்களுக்குப் பெயர் தந்தது.”

நிர்வாகசபையில் யாரோ செருமினார்கள். லெஸ்லி தாளை முகத்துக்குக் கிட்டவாகப் பிடித்துக்கொண்டார்.

“உரிமையாளர்: வேரோனிக்கா இக்னேசியஸ், உறுப்பினர் எண் நூற்றிப் பதினான்கு. பொருள் எங்கு தேவைப்படுகிறது: அவளுக்குப் பக்கத்தில்.”

அதற்குப் பிறகு படிவத்தில் ஒன்றும் இல்லை. லெஸ்லி தாளை மடித்தார். “ஆட்சேபனை உண்டா?” என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. பிறகு, பழக்க தோசம், நாற்பத்தொரு பேரும் கைதட்டினார்கள். குழிக்கரையில் நின்று, என் அப்பாவின் பெட்டியைப் பார்த்துக் கைதட்டினார்கள். நிரோஷினி பெட்டியின் மேல் கிடந்த பொன்னாடையை இழுத்தெடுத்தாள். தகடும் சேர்ந்து புல்லில் விழுந்தது. பொன்னாடையைச் சுருட்டிக் குதிரையின் கல்லில் போட்டாள்.

பட்டிகள் மெல்ல இறங்கின. நான் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன். கடைசி நாட்களில் அப்பா கேட்காமல் விட்ட கேள்வி காதுக்குள் நின்றது.

“ஓமப்பா” என்று மண்ணைப் போட்டேன்.